ஜாலான் புசாரில் யார் பாஸ்

தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு டப்பாவுக்குள் கையை விடச் சொல்லி ஆளுக்கொரு சொல்லை எடுக்கவைத்தார். அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முதலில் எழுத வேண்டும். பிறகு ஒரு வாரம் முழுக்க, யார் யாரிடம் அதைச் சொல்கிறார்கள் என்று காதில் விழுவதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் 'முடிவு' என்று போட்டு இரண்டு வரி. என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு 'கார்டன்' வந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவனுக்கு 'பிரிட்ஜ்' வந்தது. எனக்கு 'பாஸ்' வந்தது. பரீட்சையில் வாங்கும் பாஸ் இல்லை, முதலாளியைச் சொல்வோமே, அந்த பாஸ்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோட்டத்துக்குப் படம் வரையலாம், பாலத்துக்கும் வரையலாம். பாஸுக்கு என்ன வரைவது? ஆனாலும் நான் அந்த வயதில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. கேட்பதற்கு நல்ல குணம் போலத்தான் இருக்கும். கூட இருந்து அனுபவித்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அன்று மத்தியானமே அகராதியைப் புரட்டி, 'மற்றவர்களுக்கு மேலே இருந்து, அவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் சொல்பவர்' என்று பொருளை எழுதி, அடியில் அடிக்கோல் வைத்துக் கோடும் போட்டுவிட்டேன்.

எங்கள் அப்பா சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்தார். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்பதால் அவர் எப்போது தூங்குவார், எப்போது விழித்திருப்பார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அம்மாவுக்கு கேலாங்கில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் சமையலறையில் வேலை, ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். அதனால் பள்ளி முடிந்ததும் நான் போவது மாமாவிடம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கி, கூடத்தில் படுத்துக்கொண்டு, ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலைபார்த்துவந்தார். ஆணி, குழாய், பெயிண்ட், கயிறு, பக்கெட் என்று கடைக்குள் ஆள் நிற்க இடமில்லாமல் பொருள் நிற்கும். வாசலுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த ஒரு பெயிண்ட் வாளிதான் என் ஆசனம். இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன்.

அந்த வாளியில் உட்கார்ந்து காதைத் திறந்தபோதுதான் தெரிந்தது, எனக்குக் கிடைத்த சொல் லேசுப்பட்டதில்லை என்று. கடைக்கு வருகிற அத்தனை பேரும் மாமாவை பாஸ் என்றார்கள். வங்காளதேசத் தொழிலாளர்கள் "பாஸ், ரெண்டு இஞ்ச் ஆணி" என்றார்கள். வீடுகளைப் புதுப்பித்துத் தரும் சீனக் குத்தகைக்காரர் "பாஸ், நேத்து வாங்குன அதே பெயிண்ட் லா" என்றார். சாமான் இறக்க வரும் மலாய்க்கார லாரி ஓட்டுநர் பாஸ் என்றார், தபால்காரரும் பாஸ் என்றார். இது போதாதென்று மாமாவும் அவர்கள் அத்தனை பேரையும் பதிலுக்கு பாஸ் என்றார். மூட்டை தூக்குகிறவரையும் பாஸ் என்றார், மூட்டைக்குச் சொந்தக்காரரையும் பாஸ் என்றார். அகராதிப்படி பார்த்தால் அந்தக் கடையில் எல்லோரும் எல்லோருக்கும் மேலே இருந்தார்கள். கீழே யாருமே இல்லை.

ஒரே ஒருவரை மட்டும் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கடைக்குள் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு முக்காலியில், வெள்ளை பனியனும் முட்டிவரை கால்சட்டையுமாக ஒரு சீனத் தாத்தா உட்கார்ந்திருப்பார். சீனச் செய்தித்தாள் படிப்பார், காலைத் தட்டிக்கொண்டு வானொலி கேட்பார், நடுவில் ரொட்டியைக் காப்பியில் நனைத்துச் சாப்பிடுவார். வருகிறவர்கள் அவரை அங்கிள் என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் தாண்டிப்போவார்கள். நானும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அவர் எனக்கு ரொட்டியில் பாதி கொடுப்பார்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. குழம்பினால் எண்ணிப் பார்ப்பதுதான் என் வழக்கம். நோட்டில் கட்டம் போட்டு, யாரை எத்தனை முறை பாஸ் என்கிறார்கள் என்று கோடு கோடாக இழுத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது மாமாவுக்கு நாற்பத்தொன்று வந்திருந்தது. லாரி ஓட்டுநருக்கு ஆறு. குத்தகைக்காரருக்கு ஐந்து. சீனத் தாத்தாவுக்கு ஒன்றுமில்லை. வகுப்புத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தோமோ அப்படியே இதையும் முடித்துவிட்டேன். 'முடிவு: ஜாலான் புசாரில் என் மாமாதான் பாஸ்.'

இதே வாரத்தில் எங்கள் வீட்டில் வேறொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. அதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து, கடையில் சம்பளத்துக்கு நிற்கிறவர் என்று தெரிந்ததும் நின்றுபோயிருந்தன. மூன்றாவதாக ஒரு பெண். இங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா ஒரு மாதத்துக்கு வந்திருந்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக் கோயிலில் இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதுபோல ஏற்பாடு செய்து சந்தித்தோம். பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டபோது, மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "ஜாலான் புசார்ல கடைங்க" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. யாருடைய கடை என்று அவரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. மாமா தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. பெயிண்ட் தூக்குகிற வேலைக்குத் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார். எனக்கும் அந்த அக்காவைப் பிடித்திருந்தது. கோயிலில் என் தலைமுடிக் கிளிப் கழன்று விழுந்தபோது, பேசிக்கொண்டே எடுத்துக் குத்திவிட்டார்.

பெண்ணின் அப்பா ஊரில் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் போய்ப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று அவரே கோயிலில் இரண்டு தடவை சொன்னார். 'ஒருநாள் கடைப்பக்கம் வர்றேன்' என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. அவர் வந்தால் மரியாதையாகப் பேச வேண்டும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எனக்குத் தினமும் காலையில் பாடம் நடந்தது. நான்தான் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளையாயிற்றே.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நல்ல மழையில், அவர் வந்தார். மாமா அப்போது தள்ளுவண்டியில் பெயிண்ட் வாளிகளை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு சின்ன ஹோட்டலுக்குப் போயிருந்தார். வந்தவர் உடனே உள்ளே வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்று கடைப்பலகையைப் பார்த்தார். பிறகு சாலையைத் தாண்டி வந்து, கடையின் முகப்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அடி வைத்து நடந்து அளந்தார். அப்புறம்தான் படியேறினார். முக்காலியிலிருந்த சீனத் தாத்தாவிடம் சொட்டுகிற குடையை நீட்டினார். தாத்தா எழுந்து குடையை வாங்கி, ஒரு உதறு உதறி, ஆணியில் மாட்டினார். ஒரு முக்காலியையும் எடுத்துப் போட்டார். இவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, கடையில் முதலாளி யாரும்மா என்று கேட்டார். கேட்ட கேள்வி. அதனால் பதில் சொன்னேன், மாமாதான் பாஸ் என்று. அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. என்னிடம்தான் அத்தாட்சி இருந்ததே, நோட்டை எடுத்து நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டாவைப் படிக்கிறவர்போல மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தார். என் வாழ்க்கையில் என் நோட்டை அவ்வளவு மரியாதையாகப் படித்த மனிதர் அவர் ஒருவர்தான்.

அப்போது ஒரு தொழிலாளி உள்ளிருந்து நீளமான பிளாஸ்டிக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பெண்ணின் அப்பா வழியில் உட்கார்ந்திருந்தார். "எக்ஸ்கியூஸ் பாஸ், கொஞ்சம் தள்ளு பாஸ்" என்றார் தொழிலாளி. இவர் சட்டென்று எழுந்து தள்ளி நின்றார். குழாய் போய்ச் சேரும்வரை அதையே பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, என்னையும் இதிலே எழுதுவியா என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன். புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'பெண்ணின் அப்பா' என்று எழுதி, இரண்டு கோடுகள் இழுத்தேன். அவர் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். பட்டியலில் இடம் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா நனைந்துகொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இஸ்திரிச் சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. பெண்ணின் அப்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க தம்பி, நீங்கதான் இங்க பாஸாமே. பாப்பா கணக்கு வெச்சிருக்கா."

மாமா என்னைப் பார்த்தார். என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய குடையையும், அதன் அடியில் தேங்கிய தண்ணீரைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த சீனத் தாத்தாவையும் பார்த்தார். சும்மா ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால்கூடப் போதும், விஷயம் முடிந்திருக்கும். நான் ஆமாம் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். என் கவலை என் வீட்டுப்பாடத்தைப் பற்றியது.

"இல்லீங்க" என்றார் மாமா. "நான் இங்க வேலைக்கு இருக்கேன். பன்னெண்டு வருஷமா. முதலாளி அவருதான். தண்ணி துடைக்கிறாரே, அவரு."

பெண்ணின் அப்பா நேராகப் போய், தானே குனிந்து தாத்தாவின் கையிலிருந்த துணியை வாங்கப் பார்த்தார். தாத்தா தரவில்லை. "நோ ப்ராப்ளம் லா, பாஸ்" என்றார். நான் மூன்றாவது கோடு போட்டேன். பெண்ணின் அப்பா குடையை எடுத்துக்கொண்டு, இரண்டு பேரையும் பார்த்துத் தனித்தனியாகக் கும்பிட்டார். 'சொல்லி அனுப்புறோம்' என்று மாமாவிடம் சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

சொல்லி அனுப்புறோம் என்பதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் அகராதி தேவையில்லை. முந்தின இரண்டு பேரும் போகும்போது சொன்னது அதைத்தான். அன்று சாயங்காலம் அம்மா மாமாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். உன்னைப் பொய்யா சொல்லச் சொன்னேன், வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதுமே, அதுகூடவா வராது என்று கேட்டார். மாமா எல்லோருடைய தட்டையும் சேர்த்துக் கழுவினார். நானும் கோபமாகத்தான் இருந்தேன். ஒரு வெளியாள் முன்னால் என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிட்டாரே என்று. பாஸ் இல்லையென்றால் பாஸ் என்று கூப்பிடும்போது எதற்குத் திரும்பினீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"கூப்பிட்டா திரும்பணும்ல" என்றார் மாமா. அவ்வளவுதான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடத்தில் எதையும் எழுத முடியவில்லை.

முடிவை அழித்துவிட்டு வேறு எழுதினேன். 'பாஸ் என்பவர் முக்காலியில் இருக்கும் அங்கிள். அவரை யாரும் பாஸ் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடப்படுகிறவர்கள் யாரும் பாஸ் இல்லை.' ஆசிரியை அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதற்கடியில் ஒரு நட்சத்திரமும் ஒட்டியிருந்தார். சரியா தப்பா என்று யாரைக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. மாமா இஸ்திரி போடுவதை விட்டுவிட்டார். சாப்பிடும்போது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பினார். அம்மா கோபத்தை மறந்து, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார். அவர் அதையும் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் என் நோட்டால் வந்தது என்று எனக்குள் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலரை மணி இருக்கும். மாமா கீழே உட்கார்ந்து ஒரு பெட்டியிலிருந்து திருகாணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேசைக்கு முன்னால் நிழல் விழுந்ததும், நிமிர்ந்து பார்க்காமலே, "என்ன வேணும் பாஸ்?" என்றார்.

"ஒரு பூட்டு வேணும் பாஸ்" என்றது ஒரு பெண்குரல்.

அந்த அக்காதான். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், தோளில் பெரிய பை இருந்தது. மாமா எழுந்த வேகத்தில் திருகாணிகள் தரையெல்லாம் ஓடின. எந்த மாதிரிப் பூட்டு என்று கேட்கக்கூட அவருக்கு வரவில்லை, இருந்ததிலேயே பெரியதை எடுத்து வைத்தார். இவ்வளவு பெரியது வேண்டாம், பெட்டிக்குப் போடுகிற மாதிரி சின்னதாகக் கொடுங்கள் என்றார் அக்கா. சின்னதாக ஒரு பித்தளைப் பூட்டு வந்தது. வளையத்தில் இரண்டு சாவிகள் தொங்கின. அக்கா இரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்த்தார். யாரோ குத்தகைக்காரர் உள்ளிருந்து பாஸ், பாஸ் என்று கத்த, மாமா, தப்பித்தோம் என்பதுபோல ஏணியில் ஏறிவிட்டார்.

அக்கா வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். பூட்டுக்கான பணத்தை மேசைமேல் வைத்து, பக்கத்தில் அந்தச் சாவியையும் வைத்தார். பூட்டையும் இன்னொரு சாவியையும் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பொருளை விட்டுவிட்டுப் போனால் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும் என்பது கடையின் சட்டம். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சிக்னலில் பச்சை மனிதனுக்காக அவர் காத்துக்கொண்டிருந்தபோது பிடித்துவிட்டேன். மூச்சிரைக்க நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கிளிப்பைச் சரிபண்ணிவிட்டு, "மறக்கல பாப்பா. அதைக் கொண்டுபோய் உங்க பாஸ்கிட்ட குடுத்துடு" என்றார். பச்சை விழுந்தது, போய்விட்டார்.

திரும்பி நடக்கும்போது தீர யோசித்தேன். ஒருமுறை பட்டது போதும், இந்தத் தடவை தப்பு நேரக்கூடாது. கடையில் பாஸ் யார் என்பதை மாமாவே தன் வாயால் சொல்லிவிட்டார். அதனால் நேராக மின்விசிறிக்குக் கீழே போய், சீனத் தாத்தாவின் கையில் சாவியை வைத்து, "ஃபார் பாஸ்" என்றேன். அவர் அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, காலடியிலிருந்த பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டார். ஜோடி போன சாவி, தேய்ந்த சாவி, யாரோ வைத்துவிட்டுப் போன சாவி என்று எத்தனையோ வருடத்துச் சாவிகள் கிடந்த டப்பா அது. உள்ளே விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட நிம்மதியில் நான் பெருக்கல் வாய்ப்பாடு எழுத உட்கார்ந்தேன். மாமா ஏணியிலிருந்து இறங்கிவந்து வாசலைப் பார்த்தார். திருகாணிகளைப் பொறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல, அவங்க ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஒரு சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றும், ஓடிப்போய்க் கொடுத்தும் வாங்கவில்லை என்றும், பாஸிடம் கொடுக்கச் சொன்னார் என்றும் சொன்னேன்.

மாமாவின் கையிலிருந்த திருகாணிகள் மறுபடியும் தரைக்குப் போயின. "குடுத்தியா?" என்றார்.

"அப்பவே குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

இதில் என்ன சந்தேகம் என்று எனக்குப் புரியவில்லை. முக்காலியைக் காட்டினேன். தாத்தா காலால் டப்பாவைக் காட்டினார்.

மாமா அந்த டப்பாவை அப்படியே தூக்கிக் கடை நடுவில் கொட்டினார். நூறா இருநூறா தெரியாது, சாவிகள் குவிந்து கிடந்தன. மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஓரமாக வைக்க ஆரம்பித்தார். ஆணி கேட்டு வந்தவர்கள் பாஸ் என்றார்கள், அவர் திரும்பவில்லை. மாமா அந்தச் சொல்லுக்குத் திரும்பாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். தாத்தா சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து குந்தினார். ஆணிக்கு வந்த இரண்டு தொழிலாளிகளும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து தேடினார்கள்.

எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு வாரமாகச் சாப்பாட்டில்கூட மனமில்லாமல் இருந்தவர், இப்போது மூளையும் குழம்பிப்போய்விட்டதோ என்று பயந்தேன். பக்கத்தில் போய் நின்று, அந்தச் சாவி கிடைத்தாலும் நமக்கு உபயோகப்படாது, பூட்டு அந்த அக்காவிடம் அல்லவா இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். ஆமாம், ஆமாம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து தேட ஆரம்பித்தார். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் புரிந்துகொள்ளாத மனிதரிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று நான் வாளிக்குத் திரும்பி, ஏழாம் வாய்ப்பாட்டில் விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.